ஸ்டாண்டு இல்லாதது

லௌத் ஊருக்குத் தெற்கே, மரங்களின் இடுக்கில், கேட்வெல் பார்க்.
ஆறாம் வளைவில் மஞ்சள் கொடியோடு நான்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்
என்பார்கள் நம்மவர்கள்.
இங்கே அது உவமையில்லை.
பழைய நார்ட்டன்கள் குடிப்பது ஆமணக்கெண்ணெய்தான்;
புகை வந்து இமையில் ஒட்டுகிறது.

நாற்பத்து மூன்றாம் எண் கிளம்பியதைப் பார்த்தேன்.
உதைத்தால் உயிர் வராது அதற்கு.
ஓடித் தள்ளி, பக்கவாட்டில் தொற்றி,
சரியான நொடியில் கிளட்சை விட வேண்டும்.
ஹிலரி பிளாஞ்சர்டுக்கு வயது அறுபத்தெட்டு. பல் டாக்டர்.

மூன்றாம் சுற்றில் மேக்னெட்டோ செத்தது.
டயர்ச் சுவருக்குப் பின்னால் உருட்டி வந்தாள்.
"பிடி. இதுக்கு ஸ்டாண்டு கிடையாது."
ஹெல்மெட்டைப் புல்லில் எறிந்துவிட்டுப்
புதர்ப்பக்கம் போய்விட்டாள்.
கொடியைப் பக்கத்து ஆளிடம் நீட்டினேன்.

ஒற்றை சிலிண்டர்.
வெள்ளி டாங்கில் ஒரு பள்ளம், யாருடைய முழங்காலோ.
வேகம் காட்டும் முள்ளே இல்லை;
துடிப்பை எண்ணும் முள் மட்டும்
பூஜ்யத்தில் படுத்திருந்தது.
ஆறுகிற இரும்பு டிக், டிக் என்றது.
தொடைவரை சூடு.
என் பூட்ஸில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.
கை சற்றுத் தளர்ந்தால் சாயும்,
ஓடும்போது மட்டுமே நிற்கத் தெரிந்த பொருள்.

அவள் திரும்பி வந்து கை நீட்டினாள்.
இன்னும் கொஞ்ச நேரம்
என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இரவு கதவைத் திறந்த யசோதரன்
மூக்கைச் சுளித்தான்:
"யாருக்குடி பேதிக்குக் கொடுத்தே?"