இன்னொருத்தி

மூன்று வருடம் பிலியாவின் கல்லீரலைப் படமெடுத்தார்கள்.
குளிர்ந்த களிம்பு தடவி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி,
கறுப்பு வெள்ளையில் தேடினார்கள்.
ரத்தம் சரி. பித்தம் சரி.
வீக்கமில்லை, கல்லில்லை.
"நலம்" என்று தாள் கொடுத்தார்கள்.
நான்காக மடித்து
அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.
அங்கே ஏற்கனவே ஆறு நலங்கள் இருந்தன.

ஈரல் கனக்கிறது என்றுதான் சொன்னாள்.
மோங் மொழியில் துக்கம் நெஞ்சில் நிற்பதில்லை,
ஈரலில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.
பயந்தால் ஈரக்குலை நடுங்கும் நமக்கு
இதை விளக்க வேண்டாம்.
மினசோட்டாவில் விளக்க வேண்டியிருந்தது.
ஏழாவது தாளுக்குப் பிறகு யாரோ
மனநலப் பிரிவுக்கு எழுதினார்கள்.

அங்கே காவ் நூ இருந்தாள்.
பயிற்சி மருத்துவர், இரண்டாம் ஆண்டு.
எட்டுப் பேர் சேர்ந்த வருடத்தில் ஒரு மோங்.
பிரிவு தொடங்கிய நாளிலிருந்து எண்ணினாலும்
ஒன்றுதான்.
மோங் பெயருள்ள கோப்பெல்லாம்
பள்ளம் கண்ட தண்ணீராய்
அவள் மேசைக்கே வந்தன.
மற்றவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது
அவள் இன்னும் யாருக்கோ
ஒரு மாத்திரையை மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"பூட்டுக்கேற்ற சாவி" என்றார் துறைத்தலைவர்,
பிலியாவின் கோப்பை நீட்டியபடி.

சாவி உள்ளே போனது.
சொந்த மொழியில் நலம் கேட்டது.
பிலியாவின் தோள் ஒரு விரற்கடை இறங்கியது.
அப்புறம் கேட்டாள்:
நீ எந்தக் குலம்?
முவா.
இறங்கிய தோள் ஏறிவிட்டது.

அவளும் முவாதான்.
ஒரே குலம் என்றால் உறவு,
உறவு என்றால் வாய்,
வாய் என்றால் அடுத்த சாவு வீட்டில்
முரசு ஓய்கிற இடைவெளியில்
அவள் ஈரல் சந்திக்கு வரும்.

"சட்டம் இருக்கிறது. நான் யாரிடமும் சொல்லக் கூடாது."
"உனக்குச் சட்டத்தைத் தெரியும்.
எனக்கு உன் சித்தியைத் தெரியும்."

அன்று அந்த அறையில் பேசியது தொலைபேசி.
ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்,
பின்னால் அவர் வீட்டு நாய்.
கேட்டது வேறொரு மருத்துவர், வெள்ளைக்காரர்.
சொன்னது நாற்பது நிமிடம்.
வந்து சேர்ந்தது:
"சோகமாக இருக்கிறாராம்."

நடைகூடத்தில் காப்பி எந்திரம்
காவ் நூவின் டாலரை இரண்டு முறை துப்பியது.

அதே பிற்பகல் ஹால்வர் ஸ்டென்ருட் வந்தார்,
மனைவி போய் ஐந்து மாதம்.
எப்படி இருக்கிறீர்கள்?
மோசமில்லை.
தூக்கம்?
அதுவும் அப்படியொன்றும் மோசமில்லை.
பிறகு டிராக்டரைப் பற்றிப் பேசினார்.
அறுவடை முடிந்தும் கொட்டகைக்குள் விடவில்லையாம்,
வயலிலேயே பனி மூடி நிற்கிறதாம்.
'மோசமில்லை' என்று தட்டியவள் நிறுத்தி,
எழுத்தெழுத்தாக அழித்தாள்.
இந்த ஊரில் பிறந்தவள்.
பனியில் டிராக்டரை விட்டுவிடுகிற மனிதன்
என்ன சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.
வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, கேட்டாள்.
ஜன்னலைப் பார்த்தார், வெகு நேரம்.
"மருமகனிடம் கொடுத்து வைக்கலாம்" என்றார் கடைசியில்.

ஜனவரியில் அடுத்த வருடத்துக்கான தேர்வுக் கூட்டம்.
பயிற்சியாளர் சார்பில் அவளுக்கும் ஒரு நாற்காலி.
பா ஹுவா ஷியோங் என்றொரு விண்ணப்பம் மேசைக்கு வந்தது.
நல்ல மதிப்பெண், நல்ல கடிதங்கள்.
"ஆனால் நம்மிடம்தான் ஒருவர் இருக்கிறாரே"
என்றார் யாரோ.
கெட்ட எண்ணமில்லை.
குழம்புக்கு உப்பு போட்டாயிற்றே என்கிற மாதிரி.

காவ் நூ பேனாவை மூடினாள்.
"என்னை வேண்டாம் என்று சொல்ல
அவளுக்கு இன்னொருத்தி வேண்டும்.
இன்னொருத்தியையும் வேண்டாம் என்று சொல்ல
இன்னும் ஒருத்தி."

யார் அந்த அவள், கேட்டார்கள்.

சட்டம் இருக்கிறது.
சித்திக்கே சொல்லாதவள்
இவர்களுக்கா சொல்வாள்.