பிறந்த நாடு என்கிற கட்டம்

சிப்காட் காற்று திரும்புவதற்குள்
மூக்கை வேலைக்கு அனுப்பிவிட வேண்டும்.
ஏழரைக்கு மேல் இந்தக் குடோனில்
ஏலக்காயும் ஒன்றுதான், எலிமருந்தும் ஒன்றுதான்.
அதனால் ஐந்தரைக்கே பூட்டைத் திறக்கிறேன்,
முதுநகர் மீன் லாரிகள்
ஐஸ் தண்ணீர் ஒழுகப் போகிற நேரத்தில்.

நேற்றிரவு சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த லோடு.
மரக்காணத்தில் மழை பிடித்துக்கொண்டதாம்,
தார்ப்பாயில் கிழிசல் என்றான் டிரைவர்.
என்னைக் கேட்டால் அவன் கட்டவே இல்லை.

கசகசா துருக்கி.
அன்னாசிப்பூ வியட்நாமின் வடக்கு மலைப்பக்கம்.
எட்டு இதழும் முழுசாக இருந்தால் ஒரு விலை,
உடைந்தது பிரியாணி மசாலாக்காரர்களுக்கு.
செம்பருத்தி என்று பில்லில் இருப்பது
நம் வேலியோரத்துப் பூ அல்ல,
சூடானில் காய்ந்த அதன் புளித்த பங்காளி;
பாண்டிச்சேரி காபிக் கடைகளில்
கண்ணாடிக் குவளைக்குள்
நூற்றெண்பது ரூபாய்க்குச் சிவக்கும்.
பெருங்காயப் பிசின் ஆப்கான்.
அதற்குத் தனி அறை, தனிப் பூட்டு.
பக்கத்தில் தேயிலைப் பெட்டி வைத்தால் தொலைந்தது:
அடுத்த வீட்டுப் பேச்சையெல்லாம்
தன் பேச்சாக்கிக்கொள்கிற குணம் அதற்கு.

கிராம்பில்தான் வந்தது வினை.
பதினோரு மூட்டை. பத்தில் சீட்டு இருக்கிறது.
பதினோராவதில் மை கரைந்து
நீலமாய் ஒரு குளம்.
எடை மட்டும் தப்பியிருக்கிறது. ஐம்பது கிலோ.

கொமொரோஸ் மூட்டையிலிருந்து ஒன்று கடித்தேன்.
ஜான்சிபார் ஒன்று.
இந்தோனேசியா, கொஞ்சம் குச்சி அதிகம், ஒன்று.
பிறகு பெயர் தெரியாததில் ஒன்று.
மறுபடியும் கொமொரோஸ், சந்தேகத்துக்கு.
தலைக்காம்பை நகத்தால் அழுத்திப் பார்த்தேன்,
எண்ணெய் கசிந்தது, எல்லாவற்றிலும்தான்.
ஆறாவது கிராம்புக்குள்
நாக்கு என்னுடையதாக இல்லை.

அப்போது பார்த்து முதலாளி போன்.
"சொல்லும்மா இருதயம்,
அந்த ஒத்த மூட்டை எந்த நாடு?
பில் போட ஆள் உக்காந்திருக்கு."
தெரியவில்லை முதலாளி என்றுதான் சொன்னேன்.
மரத்த வாயிலிருந்து போனது
"ம்ம… த்த… க்க…"
"மடகாஸ்கரா? சரி, வச்சிடறேன்."

இப்படித்தான்
எங்கோ ஒரு தீவின் மரத்தில்
மொட்டாகப் பறிக்கப்பட்டது
இன்னொரு தீவில் பிறந்ததாயிற்று.
நாக்கு திரும்பிய பிறகு கூப்பிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.
சொல்லவில்லை. இதை எழுதுகிற வரைக்கும் சொல்லவில்லை.

போகிற வண்டிக்கு வெட்டிவேர் ஏற்றினார்கள்,
பிரான்சில் அத்தர் வடிக்கிற ஒருவருக்கு.
லோடுமேன் கலியபெருமாளின் சொந்த மணலில் விளைந்தது
அதில் மூன்று கட்டு.
கம்ப்யூட்டரில் பிறந்த நாடு என்கிற கட்டத்தில்
நான் இந்தியாவைத் தேர்ந்தெடுப்பதை
தோளில் துண்டோடு நின்று பார்த்தார்.

"நொச்சிக்காடுன்னு போடும்மா."

"ஊரெல்லாம் இதுல கெடையாதுங்க. நாடுதான்."

"இந்தியா முழுக்கவா வெட்டினேன்?
ஒன்றரைக் காணி. என் சம்சாரம், நான், அவ தம்பி.
அவனும் பாதி நாள் வரல."

நான் பதில் சொல்லவில்லை.
அவரே மார்க்கர் பேனாவை எடுத்துப் போய்
சாக்கின் வயிற்றில் எழுதினார்,
எழுத்துக் கூட்டி, வியர்வை சொட்டச் சொட்ட:
நொச்சிக்காடு. தோப்புக்குக் கிழக்கே.
யோசித்து, கீழே இன்னொரு வரி:
கிணத்துத் தண்ணி.

அதைப் படிக்க பிரான்சில் யார் இருக்கிறார்கள்
என்று கேட்க வாயெடுத்தேன்.
நாக்கு அதற்குள் நன்றாகவே திரும்பியிருந்தது.

ஏழு இருபது. தெற்கிலிருந்து
அழுகிய முட்டைபோல் முதல் வீச்சம் வந்தாயிற்று.
கடல் பக்கம் கறுத்துக் கிடந்தது வானம்.
டிரைவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு
டயர்மேல் ஏறி
தார்ப்பாயை நானே இழுத்துக் கட்டினேன்,
இரண்டு முடிச்சு.