இன்றே கடைசி

செவ்வாய்பேட்டை ஃபிளெக்ஸ் கடையில்
ராத்திரி பதினொன்றுக்குமேல்
கூட்டம் சேர்ப்பவன் நான்.

போஸ் மைதானத்துப் படத்தில்
முன்வரிசை மட்டும் நிஜம்.
காலி நாற்காலிகளில் எல்லாம்
மஞ்சள் சட்டைக்காரர் ஒருவரையே
பதினேழு தடவை உட்கார வைத்தேன்.
பதினேழு பேரும் ஒன்றாகக்
கொட்டாவி விட்டார்கள்.
"பரவாயில்லை, கோஷம் போடுற மாதிரிதான் இருக்கு,
ஊரே திரண்டதுன்னு எழுது"
என்றார் வட்டச் செயலாளர்.

சத்துமாவு பாக்கெட்டில் சிரிக்கும் டாக்டர்
எங்கள் கடையில் கண்ணி அடிக்கும் செங்கோடன்.
ஸ்டெதாஸ்கோப், பக்கத்து மெடிக்கலில் இரவல்.

ஜவுளிக்கடைக்கு மூன்று வருடமாக ஒரே ஃபைல்:
இன்றே கடைசி.
தேதி போட்டால்தானே மாற்ற வேண்டும்.

நேற்று வந்த வேலை சின்னது.
எதிர்த்து நிற்கிறவர் கண்ணுக்குக் கீழே
கொஞ்சம் இருட்டு.
பொய்யா சொன்னோம், நிழல்தானே என்றார்கள்.
நாற்பது ரூபாய் கூடுதல்.

காலையில் ஐந்து ரோடு சிக்னல்.
வண்டியை நிறுத்தி அண்ணாந்தேன்.
மேலே அந்த முகம்.
ஆளைப் பாரு,
திருட்டு முழி
என்று நினைத்தேன்,
நிஜமாகவே நினைத்தேன்.

நிழல் போட்ட விரல்
பிரேக்கின்மேல் இருந்தது.