இருக்கிறாரா

மாதக் கடைசியில் எனக்கு இந்த வேலை:
ஒப்பரேஷன் முடிந்து முப்பது நாள் கடந்தவர்களின்
வீட்டுக்குக் கோல் எடுப்பது.
வார்ட்டின் பின்னால், ஒட்சிசன் சிலிண்டர்கள் நிற்கிற
சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில் இருந்து.

"ஐயா இருக்கிறாரா?"
"மஹத்தயா இன்னவத?"

கொழும்பின் இரண்டு மொழியிலும்
இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி.
வீட்டிலா என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.
உயிரோடா என்று நான்
பேனையைத் திறந்து வைத்திருப்பேன்.

தெமட்டகொடையில் ஒரு மகள்
பதிலுக்கு முன் மூச்சு இழுத்தாள்.
அதிலேயே தெரிந்துவிட்டது.
வீட்டுக்கு வந்து மூன்றாம் நாளாம், விடியப்புறம்.
பிறகு ஏனோ என்னிடம்
"சாப்பிட்டீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

வத்தளைக்காரர் இருக்கிறார்.
கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸ்.
சிறுநீரகங்களுக்கு மேலே கிளாம்ப் இறுகியிருந்த
நாற்பத்தொரு நிமிடத்தையும்
உரத்து எண்ணியது நான்தான்.
முப்பதைத் தாண்டியதும் விதானகே சேர்
தலை நிமிராமல் "சொல்லாதே" என்றார்.
உப்பிக் கிடந்த பெருநாடியைத் திறந்தபோது
பழைய இரத்தம், கறுத்த தொதல் போல, அடுக்கடுக்காக.
அதை வழித்தெடுத்த இடத்தில்
மடிப்பு மடிப்பாய் ஒரு வெள்ளைக் குழாய்.
தையல் ஒன்றும் கசியவில்லை.
கைதட்டத் தோன்றியது எனக்கு.
யூரின் பை மட்டும்
இரவு முழுக்கக் காய்ந்து தொங்கியது.

கடைசியாகக் கொட்டாஞ்சேனை.
சந்தியாப்பிள்ளை. துறைமுகத்தில்
இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்தவர்.
"இருக்கிறார்," என்றார் மனைவி.
கொஞ்சம் பொறுத்து, "இருக்கிறார்தான்."

ஜன்னலடியில் கதிரையாம்.
சோறு இறங்குதில்லையாம்.
கப்பல் ஊதினாலும் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

படிவத்தில் இரண்டே இரண்டு பெட்டி.
உயிருடன் என்பதில் சரி போட்டேன்.
அந்தத் 'தான்' என்னும் சொல்லை
எங்கே போடுவது?

போனை வைக்கப் போனேன்.
பின்னாலிருந்து, தொண்டையில் குழாய் கிடந்த கரகரப்பு
இன்னும் மாறாத ஒரு குரல்:
"ஆரது?"
"ஆஸ்பத்திரி மிஸ்."
"இண்டைக்கு எத்தினையாம் நாளெண்டு கேள்."

முப்பத்தொன்று, என்றேன்.

"முப்பத்திரண்டு.
மயக்கத்தில கிடந்த நாளையும் சேர்க்கச் சொல்லு."

ஒன்றை வெட்டி
இரண்டு என்று எழுதினேன்.