வந்த வரிசையில்

போனில் இடம் பதினாறு ஜீபி.
பாதியைப் போனே பிடித்துக்கொண்டது,
மீதியில் மகளின் நடனப் படங்கள்.
எனக்கு மிஞ்சியது
ஒரு அப் ஒருக்களித்து நுழையும் இடுக்கு.

கப்பல் முகவர் கந்தோரில் வேலை.
கோதுமைக் கப்பல் வந்தால்
லோஞ்சில் போய் ஏறிக் கையெழுத்து வாங்க வேண்டும்.
கப்டன்மார் வாய் திறப்பதில்லை, ஈமெயில்தான்:
தண்ணீர் எத்தனை டொன் வரும்,
குப்பை எப்போது எடுப்பீர்கள்,
சமையற்காரனுக்குப் பல்வலி, டாக்டர் உண்டா.
ஒரு கையில் கயிற்றேணி,
மறுகைப் பெருவிரலால் பதில்.

ஆகவே ஒரு நல்ல அப் தேடினேன்.

போனோடு வந்தது திறக்கும் முன்
லோஞ்ச் சீனக்குடாவைத் தொட்டுவிடும்.
விட்டேன்.

அடுத்தது அழகு.
இடப்பக்கம் இழுத்தால் கடிதம் மறையும்,
வலப்பக்கம் இழுத்தால் நாளைக்குத் தள்ளிப்போகும்.
அலை ஒருமுறை உலுக்கியதில்
சுங்கத் திணைக்களத்தையே நாளைக்குத் தள்ளிவிட்டேன்.

இன்னொன்றில் தமிழெல்லாம்
பெட்டி பெட்டியாய் வந்து நின்றது.
சுக்கானைப் பிடித்தபடி எட்டிப்பார்த்த இம்தாத்
"என்னக்கா, கொள்கலன் ஏத்துறீங்களா?" என்றான்.

பிறகு கெட்டிக்கார அப்.
கடிதங்களை அதுவே பார்த்து
"முக்கியம்" என்றும் "மற்றவை" என்றும் பிரித்து வைக்கும்.
கந்தோர் முழுக்க அதைத்தான் வைத்திருந்தது.
மூன்று கிழமை எனக்கும் பிடித்தது.
முதலாளி முக்கியம், வங்கி முக்கியம்,
ஒருநாள் கழிவு விலையோடு ஒரு செருப்புக்கடை,
அதுவும் முக்கியம்.

கோணேஸ் என் தம்பி.
எங்கோ ஒரு கப்பலின் எஞ்சின் அறையில் ஒயிலர்.
கரை கண்டு வைஃபை கிடைத்தால் இரண்டு வரி எழுதுவான்.
தலைப்புப் போட மாட்டான்.
மார்ச் ஒன்பதாம் திகதி எழுதியிருக்கிறான்:
"அக்கா, கையில நீராவி பட்டிட்டுது. பெரிசா இல்லை.
அம்மாட்ட சொல்லாதை. நீ மட்டும் எழுது."
நான் கண்டது இருபத்தாறாம் திகதி,
"மற்றவை"யில்,
ஒரு காப்புறுதிக்கும் ஒரு சூதாட்டத்துக்கும் நடுவில்.

பதினேழு நாள்.
பதினேழு நாளும் கோட்டை வாசல் பக்கமாகத்தான் வேலைக்குப் போனேன்.
மான்கள் வீதியோரம் நின்று
பிஸ்கட் உறையை மென்றுகொண்டிருந்தன.
போன் சத்தமில்லாமல் இருந்தது.
அதை நான் நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பைத் திட்டலாம்.
திட்டினேன், ஒற்றை நட்சத்திரம் கொடுத்து,
மூன்று எழுத்துப்பிழையோடு.
அன்றிரவு பழைய கடிதங்களுக்குள் இறங்கிப் பார்த்தால்
தை மாதத்திலிருந்து அவன் எழுதிய நான்கும்
திறக்காமலே தடித்த எழுத்தில் கிடந்தன.
காசு கேட்டிருப்பான்,
ஞாயிறு ஆறுதலாய்ப் பார்க்கலாம் என்று
நான்தான் விட்டிருக்கிறேன்.
ஒன்றிலும் காசு கேட்டிருக்கவில்லை.
ஒன்றில் கடலின் படம், வெறும் கடல்.

அப் பாவம்,
அது என் விரலைப் பார்த்துத்தான் பழகியது.

இப்போது வைத்திருப்பது ஒரு மொக்கு அப்.
இரண்டு எம்பி. சாம்பல் நிறம்.
யார் முக்கியம் என்று அதற்குத் தெரியாது,
கேட்டாலும் சொல்லத் தெரியாது.
செருப்பையும் சுங்கத்தையும் சூதாட்டத்தையும்
வந்த வரிசையில் கொட்டிவிட்டுப் போகும்.
ஒவ்வொன்றாய் நானே தொட்டு அழிக்க வேண்டும்.
விடியற்காலை தேத்தண்ணீர் ஆறிப்போகிறது.
மகள் சிரிக்கிறாள்: "அம்மா மீன் கழுவுறா."

கோணேசுக்கு எழுதியது இன்னும்
"அனுப்பக் காத்திருக்கிறது" என்கிறது.
குன்று மறைக்கும் இந்த மூலையில் சிக்னல் இல்லை.
இம்தாத் லோஞ்சை வெளிப்பக்கம் திருப்புகிறான்.
ஒரு கோடு.
இரண்டு.
மறுபடி ஒன்று.
கப்பலின் துருப்பிடித்த விலா
வெயிலை மறைத்துக்கொண்டு நெருங்குகிறது.
"ஏணி வந்திட்டுது, ரெண்டு கையாலயும் பிடிங்க அக்கா."

ஒரு கையால் பிடிக்கிறேன்.