விடாத கிளை

மெழுகுக் கட்டி இன்று கத்திக்கு இணங்குகிறது.
நான்கு மைக்ரான்.
வெங்காயச் சருகைவிட மெல்லிய ஏடு
வெந்நீர்த் தொட்டியில் மிதந்து
தன் சுருக்கங்களை நீக்கிக்கொள்கிறது.
கண்ணாடி வில்லையில் அள்ளி எடுக்கிறேன்.
கவுனஸ் நகரில் காலை ஏழரை,
வெளியே இன்னும் விடியவில்லை.

என் பெயர் தனுதே. படிப்பது என் வேலையல்ல,
அதற்கு டாக்டர் ஸ்கைஸ்தே இருக்கிறார்.
சாயம் சரியாகப் பிடித்ததா என்று
ஒரு கண் பார்க்கலாம் நான், அவ்வளவுதான்.
இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு கண்ணால்
கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டேன்.

நல்ல குடலில் தினமும் சாவு.
பள்ளத்தில் பிறந்து, மேட்டுக்கு ஏறி,
நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும் செல்கள்.
சீழ் இல்லை, வீக்கம் இல்லை, ஒரு முனகல் இல்லை.
போக வேண்டிய ஒன்று தன்னைச் சுருக்கிக்கொள்ளும்,
உள்ளிருக்கும் சுருளைத் துண்டு துண்டாய் நறுக்கும்,
சின்னச் சின்னப் பொட்டலமாய்த் தன்னையே கட்டி வைக்கும்.
பக்கத்துச் செல் எடுத்து விழுங்கிக்கொள்ளும்.
வீட்டைக் காலி செய்கிறவன்
தரையையும் பெருக்கி
சாவியையும் கொடுத்துவிட்டுப் போவதுபோல.

கருவில் என் கை ஒரு துடுப்பாகத்தான் இருந்ததாம்.
நடுவில் இருந்தவை செத்துக் கொடுத்த இடைவெளிதான்
விரல்கள்.
அவற்றால்தான் கத்தியைப் பிடித்திருக்கிறேன்.

பலாங்கா கடற்கரையில் ஒரு ஜூலை வெயில்
தோளை உரித்தது. அம்மா புளித்த பாலாடை தடவினாள்.
எரிகிறது என்று அழுதேன்.
கெட்டுப்போனோம் என்று அறிந்தவை
தாமே விலகிக்கொண்டதுதான் அது என்று
அப்போது யார் சொன்னார்கள்.

இன்றைய வில்லையில் அந்த அறிவு இல்லை.
எண் 4417. ஆண், ஐம்பத்தெட்டு. பெருங்குடல்.
டிராலிபஸ் ஓட்டுநர் என்று
யாரோ தேவையில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.
ஊதாக் கருக்கள் ஒன்றின்மேல் ஒன்று.
நிறுத்தம் வந்தும் இறங்காத பயணிகள்,
ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.

வேகமாய்ப் பெருகுவதுதான் நோய் என்று நினைத்திருந்தேன்.
பாதிதான் அது.
நல்ல பள்ளமும் வேகமாய்த்தான் பெருகுகிறது.
மீதிப் பாதி, போகாமல் நிற்பது.
இங்கும் சில சாகத்தான் செய்கின்றன.
வில்லையெங்கும் சிதறிக் கிடக்கின்றன அந்தப் பொட்டலங்கள்.
கணக்குத்தான் நேராகவில்லை.

'போ' என்று சொல்ல ஒரு புரதம் உண்டு.
யாரும் ஒழுங்காய்ப் பெயர்கூட வைக்கவில்லை,
பஸ் தடம்போல ஓர் எண்: ஐம்பத்து மூன்று.
அதற்குச் சாயமேற்ற இன்னொரு ஏடு வெட்டச் சொன்னார் ஸ்கைஸ்தே.
மறுநாள் கரும்பழுப்பாய், ஒவ்வொரு கருவிலும் நிறைந்து நின்றது.
இவ்வளவு இருக்கிறதே, நல்லதுதானே என்றேன்.
"உடைந்தது," என்றார். "உடைந்ததுதான் இப்படிக் குவியும்."
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
அழுக்கொன்றும் இருக்கவில்லை அதில்.

மாலை, நிறுத்தத்தில் எலுமிச்சை மணம் மறந்த லிண்டன் மரம்.
ஜூலைப் புயலில் ஒரு கிளை முறிந்து
பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.
நவம்பரில் மரமெல்லாம் மொட்டை,
அந்தக் கிளையில் மட்டும் அத்தனை இலையும்
பழுப்பாய், சலசலத்து, அப்படியே.
நகராட்சி ஆள் ரம்பத்தோடு ஏணியில் நின்றான்.
"உயிருள்ள கிளைதான் இலையை விடும்," என்றான் என்னிடம்,
"விடுறதுக்கும் தெம்பு வேணும், அம்மணி."
கீழே விழுந்ததில் ஓர் இலையைப் பிடித்து இழுத்தேன்.
வரவில்லை. இன்னும் இழுத்தேன்,
கிளையின் தோலும் சேர்ந்து கிழிந்து வந்தது.

ஏழாம் எண் வந்தது.
ஓட்டுநரின் பிடரியைப் பார்த்தபடி ஏறினேன், நரைத்த பிடரி.
அவரா இல்லையா என்று கேட்க எனக்கு உரிமையில்லை.
பின்கதவில் ஒரு பெரியவர்
பையையும் கைத்தடியையும் சமாளித்துக்கொண்டிருந்தார்.
அவசரம் இல்லை.
இறங்க வேண்டியவர் இறங்கும்வரை
கதவைத் திறந்தே வைத்திருந்தார்
ஓட்டுநர்.