திருப்புமிடம்

முன்பணம் திரும்ப வராது என்றார்கள்.
படகைப் பதிவு செய்து எட்டு மாதம்,
நாங்கள் பிரிந்து மூன்று.
ஆகவே வந்தோம், லயோனலும் நானும்,
ஒரே காரில், இரண்டு பாலாடைக்கட்டிகளோடு:
அவனுக்கு நீலம் பூத்தது, எனக்கு செடார்.

துறைக்காரர் செட்விக் சாவியை நீட்டினார்.
அதில் ஒரு தக்கை உருண்டை, விழுந்தால் மிதக்க.
"ஐம்பத்தெட்டு அடிப் படகு.
நினைச்ச இடத்துல திருப்ப முடியாது.
கரையைக் குடைஞ்சு அகலமாக்கின இடம் வரும்,
அதுவரைக்கும் போய்த்தான் ஆகணும்."
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பட்டியல் என்னுடையது,
நவம்பரில் ஒரு நல்ல நாளில் எழுதியது.
மார்க்கெட் ஹார்பரோவின் பழைய பள்ளிக்கூடம்.
ஃபாக்ஸ்டன் மதகுகள்.
ஸ்டான்ஃபோர்ட் மாளிகை. நேஸ்பி போர்க்களம்.
ஓரத்தில் லயோனலின் கிறுக்கல்:
வெல்ஃபோர்டில் மதுக்கடை, ஆட்டுக்கறிப் பை.

பள்ளிக்கூடம் மரக்கால்களில் நின்றது.
கீழே சந்தையும் மேலே பாடமுமாக இருந்ததாம்.
"நானூறு வருஷம், மரக்காலை நம்பி" என்றான்.
எங்கள் வீடு முழுக்கச் செங்கல்.
பதினொரு வருடம்.

மணிக்கு மூன்று மைல்.
கரைப்பாதையில் ஒரு நாய் எங்களை முந்தியது,
நின்றது, திரும்பிப் பார்த்தது,
பாவப்பட்டுக் காத்திருந்தது.
சாம்பல் நாரை ஒன்று
நாங்கள் நெருங்கும்போதெல்லாம் எழுந்து
நூறடி தள்ளி உட்கார்ந்தது.
மதியம் முழுக்க அதைத் துரத்தினோம்,
துரத்தும் எண்ணமே இல்லாமல்.

ஃபாக்ஸ்டனில் பத்து மதகு அறைகள்,
குன்றின்மேல் மாடிப்படிபோல, ஐந்தும் ஐந்துமாய்.
புல்மேடெங்கும் ஐஸ்கிரீமோடு சனம்.
படகுக்காரர்கள் தவிப்பதைப் பார்க்கவே வருகிறவர்கள்;
கால்வாய் பாஷையில் அவர்களுக்கு
கங்கூஸ்லர் என்று தனிப்பெயரே உண்டு.
பட்டியலில் இரண்டாவதாக எழுதியிருந்தேன்.
இப்போது நான்தான் அந்த இரண்டாவது.

தொண்டூழியர் திருமதி ஆக்லி
கைப்பிடியைத் தந்து சொன்னார்:
"சிவப்பு முதல்ல, வெள்ளை அப்புறம். மாத்திடாதீங்க."
கதவுமரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளினேன்.
இருபக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை
ஊரே வந்து தள்ளினாலும் அது திறக்காது.
காத்திருந்தேன்.
ஸ்ட்ராபெர்ரி வாயோடு ஒரு பையன் வந்து கேட்டான்:
"உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா?"
"ஏன்?"
"அவர் உங்களைப் பார்த்துக் கத்தவே இல்லையே.
மத்த படகுல எல்லாரும் கத்துறாங்க."

அடுத்த சுரங்கத்தின் பெயர் ஹஸ்பண்ட்ஸ் பாஸ்வொர்த்.
பலகையைப் பார்த்து இருவருக்கும் சிரிப்பு வந்தது,
அந்தப் பயணத்தின் முதல் சிரிப்பு.
கணவர்கள் இல்லையாம், உழவர்களாம்.
உள்ளே கூரை சொட்டியது. டீசல் நெடி.
எதிரே ஒரு விளக்கு தடித்துக்கொண்டே வந்தது,
உரசியது, யாரோ குரல் கொடுத்தார்கள், போனார்கள்.
அது கடந்து வெகுநேரம் கழித்து
இருட்டுக்குள்ளிருந்து லயோனல்
"மன்னிச்சிடு" என்றான்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
வெளியே வந்ததும் கண்கள் கூசின.

மாளிகைக் கதவு பூட்டியிருந்தது.
போர்க்களத்துக்கு டாக்சியில் போனோம்:
ஒரு பீன்ஸ் வயல், காற்று,
யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஒரு பலகை.
வேலியோரம் சாண்ட்விச் தின்றோம்.
பொட்டலங்கள் மாறிப்போயிருந்தன.
நீலம் பூத்ததை நான் முழுதும் தின்றேன்.
அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

வெல்ஃபோர்டில் அந்த அகன்ற இடம் வந்தது.
முகப்பைக் குடைவுக்குள் சொருகி
பின்பக்கத்தைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும்.
நான் கழியோடு முன்னால்,
அவன் சுக்கானோடு ஐம்பத்தெட்டு அடி பின்னால்.
மதுக்கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர்
கோப்பையும் கையுமாய்த் திரும்பி உட்கார்ந்தார்கள்.
காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது.
வில்லோ கிளை ஒன்று முறிந்து
ஜன்னல் வழியே சமையலறைக்குள் வந்தது.

"இடப்பக்கம்! இடப்பக்கம்னு சொன்னேன்ல!"
கத்தினான் லயோனல்.
"யாரோட இடப்பக்கம்?"
நானும் கத்தினேன்,
தொண்டை கிழிய, வாத்துகள் பறக்க.

பாதி தூரம் சுற்றியபோது
கால்வாயை முழுக்க அடைத்துக்கொண்டு
குறுக்கே நின்றோம்.
பிறகு மெல்ல, மெல்ல.
யாரோ கை தட்டினார்கள்.

ஆட்டுக்கறிப் பை தீர்ந்துவிட்டிருந்தது.